கருமரச் சிமிழ்

உள்ளங்கையில் அடங்கும் சிமிழ், கட்டைவிரல் உயரக் குடுவை, ஒரு ரூபாய் நாணயத்தின்மேல் வைத்தால் விளிம்பு வெளியே நீளாத கிண்ணம்: லேத்தில் சுழலும் கட்டையிலிருந்து கை உளியால் கடைந்தெடுக்கும் இத்தகைய சிறுகலங்களுக்கு ஆப்பிரிக்காவின் சில வன்மரங்களுக்கு நிகரானவை உலகில் அதிகம் இல்லை. தமிழில் இவற்றுக்குப் புதுப்பெயர் தேட வேண்டியதில்லை. மூடி உள்ள சிறு கலம் சிமிழ், அல்லது செப்பு. குழந்தைகள் சமைத்து விளையாடினால் அதுவே சொப்பு. அம்பாசமுத்திரத்துக் கடைசல்காரர்கள் மஞ்சக்கடம்பில் சொப்பு கடைந்து அரக்கு ஏற்றுவார்கள். அங்கே நிறம் அரக்கிலிருந்து வருகிறது. ஆப்பிரிக்க மரக் கலத்தில் அரக்கும் இல்லை, சாயமும் இல்லை. நிறம், கனம், பளபளப்பு எல்லாமே மரத்தினுடையவை. ஆகவே இந்தக் கைவினையின் கதையில் பாதிக்கு மேல் மரங்களின் கதைதான். கலம் சிறியதாக இருப்பதற்குக்கூடக் கடைபவரின் விருப்பம் மட்டும் காரணமில்லை. மரம் கொடுப்பதே சிறிதுதான்.

முதலிடம் முபிங்கோவுக்கு. அது சுவாகிலிப் பெயர். தாவரவியல் பெயர் டால்பெர்ஜியா மெலனோசைலான். வணிகர்கள் ஆப்பிரிக்கக் கருமரம், கிரெனடில்லா, மொசாம்பிக் எபனி என்று பல பெயர்களில் விற்கிறார்கள். எபனி என்ற பெயர் ஒட்டிக்கொண்டாலும் இது கருங்காலி இனம் இல்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் உண்மையான கருங்காலி, பனிச்சை மரத்தின் உறவான டயோஸ்பைரஸ் பேரினத்தைச் சேர்ந்தது. முபிங்கோ அவரைக் குடும்பம். நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. இரண்டையும் நிறத்தை வைத்து ஒன்றாக்கிய குழப்பம் மிகப் பழையது. எபனி என்ற சொல்லே பண்டைய எகிப்திய மொழியிலிருந்து கிரேக்கம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. எகிப்தியர்கள் அந்தப் பெயரால் குறித்த மரமோ பெரும்பாலும் முபிங்கோதான். அரசி ஹட்செப்சுட் கி.மு. 15ஆம் நூற்றாண்டில் புண்ட் நாட்டுக்கு அனுப்பிய கப்பல்கள் கொண்டுவந்த பொருள்களில் இந்தக் கருமரமும் உண்டு; டெய்ர் எல்-பஹ்ரி கோயிலின் புடைப்புச் சிற்பங்களில் அந்தப் பயணம் பதிவாகியிருக்கிறது. டூட்டன்காமுன் கல்லறையில் கிடைத்த மரச்சாமான்களிலும் இதே மரத்தின் வேலை இருக்கிறது.

முபிங்கோ செனகலிலிருந்து எரித்ரியா வரையும், தெற்கே தென்னாப்பிரிக்காவின் வட எல்லை வரையும் வறண்ட காடுகளில் பரவியிருக்கிறது. என்றாலும் வணிகத்துக்கு ஏற்ற மரம் பெரும்பாலும் தான்சானியாவின் தென்பகுதியிலிருந்தும் மொசாம்பிக்கின் வடபகுதியிலிருந்துமே வருகிறது. பார்த்தால் மதிப்புத் தெரியாத மரம். முள்ளும் கோணலுமாக, பெரும்பாலும் 15 மீட்டருக்குள் நின்றுவிடும். அடிமரம் உருண்டையாக இராது. பள்ளமும் மேடுமாக வரிந்து கிடக்கும். ஆண்டுதோறும் புல்லில் பற்றும் தீ அடிப்பாகத்தைச் சுட்டுப் பொந்தாக்கிவிடுவதும் உண்டு. வெட்டும் பருவம் வர 70 முதல் 100 ஆண்டுகள் ஆகும். வெட்டிய தடியின் வெளிப்புறம் மஞ்சள் தோய்ந்த வெள்ளை. உள்ளே ஊதாக் கறுப்பான வைரம்.

மரத்தின் நடுக்கட்டையைத் தமிழில் வைரம் என்பது இந்த மரத்துக்கு அப்படியே பொருந்துகிறது. நன்கு உலர்ந்த வைரத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராமுக்கு மேல். தண்ணீரில் போட்டால் கல்லாக மூழ்கும். கடினத்தில் தேக்கைப் போல மூன்று மடங்குக்கு மேல். துளைகள் மிக நுண்ணியவை. எண்ணெய்ப் பசை இயற்கையாகவே ஊறியிருக்கும். ஈரம் ஏறி இறங்கினாலும் அளவு பெரிதாக மாறாது. இந்தக் குணங்களுக்காகத்தான் கிளாரினெட், ஓபோ, ஸ்காட்லாந்தின் பேக்பைப் ஆகியவற்றின் குழல்களை இதில் கடைகிறார்கள்.

குழலுக்கு வேண்டியது நேரான, விரிசலற்ற, வெள்ளை கலக்காத கட்டை. கோணலும் பொந்தும் நிறைந்த தடியில் அப்படிப்பட்ட பகுதி மிகக் குறைவு. வெட்டிய மரத்தில் பத்தில் ஒரு பங்கு தேறினால் பெரிது என்பது இத்துறையில் வழங்கும் கணக்கு. மிச்சமாகும் துண்டுகளில் வைரம் குறைவதில்லை, நீளமும் அகலமும்தான் குறைகின்றன. மூன்று விரற்கடை நீளமுள்ள குற்றமற்ற துண்டு குழல் செய்பவருக்குக் கழிவு, சிமிழ் கடைபவருக்கு முழுக் கட்டை. வெள்ளை கலந்த துண்டும் இவருக்கு ஆகும். கறுப்பு உடலும் வெளிர் மஞ்சள் விளிம்பும் எதிரெதிராக நிற்கும்படி கடைந்தால் குறையே அழகாகிவிடும். அமெரிக்காவின் பெர்க்லி நகரில் வாழ்ந்த பாப் ஸ்டாக்ஸ்டேல் (1913–2003) இதில் பேர்போனவர். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்களுக்கான முகாமில் கடைசல் கற்றவர். பிறகு அரைநூற்றாண்டுக்கு மேல் அரிய மரங்களில் மெல்லிய சிறு கிண்ணங்களைக் கடைந்தார். முபிங்கோ அவர் திரும்பத் திரும்பக் கையிலெடுத்த மரங்களில் ஒன்று.

மற்ற மரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காக வருகின்றன. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, மொசாம்பிக் பகுதிகளில் வளரும் இளஞ்சிவப்புத் தந்த மரம் பெயருக்கேற்ப ரோஜா நிறத்திலிருந்து செங்கல் சிவப்பு வரை நிறம் காட்டும். அடிமரம் ஒல்லி; பெரிய கலத்துக்கு வழியே இல்லை. ஜூலு அரச குடும்பம் மட்டுமே வைத்திருக்கலாம் என்ற கதையும், வைரக்கல்லைவிட அரிது என்ற பேச்சும் இதைச் சுற்றி உலவுகின்றன. இரண்டாவது, விற்பவர்கள் ஊதியது. மரம் அவ்வளவு அரிதன்று. நல்ல நிறமுள்ள, வெடிக்காத கட்டைதான் அரிது. காங்கோ வடிநிலத்தின் வெங்கே, கறுப்பும் பழுப்பும் வரிவரியாக ஓடும் மரம். கேமரூன், காபோன் நாடுகளின் வரிக்குதிரை மரத்துக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் படாக், வெட்டியவுடன் ஆரஞ்சுச் சிவப்பில் எரியும். நம் செம்மரமும் வேங்கையும் சேர்ந்த டெரோகார்ப்பஸ் பேரினம்தான் அதுவும். வேங்கைக் கட்டையில் கடைந்த குவளையில் இரவு முழுதும் தண்ணீர் ஊறவைத்துக் குடிக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் இருப்பதால், அந்த இனத்து மரத்தின் சாயம் தண்ணீரில் இறங்கும் விதம் இங்கே பலருக்குப் பழக்கமானதே.

தென்னாப்பிரிக்காவின் ஈயமரம் தனி ரகம். கொம்ப்ரீட்டம் இம்பெர்பே எனப்படும் இது, உலோகம் போல் கனக்கிறது என்பதால் அந்தப் பெயர் பெற்றது. இதுவும் தண்ணீரில் மூழ்கும். பட்டுப்போன பிறகும் பல தலைமுறைகள் நின்ற நிலையிலேயே நிற்கும். கறையான் எளிதில் அண்டாது. நமீபியாவின் ஹெரேரோ மக்கள் தங்கள் முன்னோர் இந்த மரத்திலிருந்து பிறந்ததாகச் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் இது பாதுகாக்கப்பட்ட மரம். அனுமதியில்லாமல் வெட்டவோ எடுத்துச் செல்லவோ விற்கவோ கூடாது.

இத்தனை மரம் விளையும் கண்டத்தில் கடைசலின் பழமை எவ்வளவு என்ற கேள்வி இயல்பாக எழும். விடை கொஞ்சம் வியப்பானது. லேத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரமாகக் கருதப்படுவது எகிப்தில், பெட்டோசிரிஸ் கல்லறையில், கி.மு. 300 வாக்கில் செதுக்கிய காட்சி. ஒருவர் வாரை முன்னும் பின்னும் இழுத்துக் கட்டையைச் சுழற்ற, மற்றவர் உளி பிடிக்கிறார். ஆனால் சகாராவுக்குத் தெற்கே மரக்கலம் பெரும்பாலும் லேத்தில் பிறந்ததில்லை. வாய்ச்சியாலும் கத்தியாலும் செதுக்கிக் குடைந்தவையே அவை. காங்கோவின் கசாய் பகுதியில் வாழும் கூபா மக்களின் கள் குவளைகளும் சிறு மூடிப்பெட்டிகளும் உலக அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மேலெல்லாம் பின்னல் போன்ற கோலம். சில பெட்டிகள் பிறைவடிவம். அந்தப் பெட்டிகளில் அவர்கள் வைத்தது டுகுலா என்னும் செந்தூள். உடலிலும் துணியிலும் பூசிக்கொள்ளும் அந்தத் தூள், படாக் இனத்துச் செம்மரங்களை அரைத்து எடுத்தது. தான்சானியா, மொசாம்பிக் எல்லையில் வாழும் மகொண்டே சிற்பிகள் முபிங்கோவில் ஒன்றன்மேல் ஒன்றாக மனித உருவங்கள் ஏறும் நெடுஞ்சிற்பங்களைச் செதுக்குகிறார்கள். அதுவும் செதுக்கல் மரபே. ஆப்பிரிக்க வன்மரத்தில் கடைந்த சிறுகலம் என்ற வடிவம், மரம் கடல் கடந்து ஐரோப்பியப் பட்டறைகளுக்குப் போன பின் உருவானது. அந்த மரங்கள் அங்கே சேர்ந்த காலம் காலனி ஆட்சிக் காலம் என்பதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

16 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பிய அரசவைகளில் கடைசல் ஓர் அரசப் பொழுதுபோக்கு. டிரெஸ்டனில் சாக்சனி அதிபர் அகஸ்டஸ் தானே லேத்தில் நின்றார். ரஷ்யப் பேரரசர் பீட்டருக்கு ஆந்திரே நார்த்தோவ் என்னும் எந்திர வல்லுநர் லேத்துகள் அமைத்துக் கொடுத்தார். பிரெஞ்சுத் துறவியும் தாவரவியலாளருமான சார்ல் பிளுமியேர் 1701இல் கடைசல் கலைக்கென்றே படங்களோடு ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்தக் காலத்து உயர்ந்த பொருள் யானைத் தந்தம். மெல்லிய தந்தச் சிமிழ்களும் கோபுரம்போல் அடுக்கிய கிண்ணங்களும் டிரெஸ்டனின் பச்சைக் கூடம் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் லண்டனின் ஹோல்ட்சாப்ஃபெல் நிறுவனம் செய்த அலங்கார லேத்துகளைப் பணக்கார ஆங்கிலேயர்கள் வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அந்த நிறுவனத்தின் சார்லஸ் ஹோல்ட்சாப்ஃபெல் 1843இல் தொடங்கிய பல தொகுதிக் கடைசல் நூலில் ஆப்பிரிக்கக் கருமரத்துக்கு உயர்ந்த இடம் கொடுத்தார். கோலம் செதுக்கினால் நுனி உதிராமல், கோடு மழுங்காமல் நிற்கும் மரம் இதுதான் என்பதைக் கடைபவர்கள் கண்டுகொண்டிருந்தார்கள். 1989இல் யானைத் தந்த வணிகத்துக்கு உலகத் தடை வந்ததும் தந்தம் கடைந்த கைகளில் பல கருமரத்தின் பக்கம் திரும்பின.

சிறுகலத்தின் இன்னொரு தாய்வீடு பொம்மை வீடு. கட்டடக் கலைஞர் எட்வின் லூட்யென்ஸ் வடிவமைக்க, 1920களின் முதற்பாதியில் இங்கிலாந்து அரசி மேரிக்காகச் செய்த பொம்மை வீடு ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் அமைந்தது. சிறுபொருள் சேகரிப்பவர்களிடம் இந்தப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவே பெருவழக்கு. இந்த அளவு கடைபவருக்கு வைக்கும் சோதனை கடுமையானது. 30 சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் 25 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அதன் 6 மில்லிமீட்டர் சுவர் அரை மில்லிமீட்டர் ஆக வேண்டும். மரத்தின் துளைகள் மட்டும் யார் சொல்லியும் சிறுக்கமாட்டா. வெங்கே, படாக் மரங்களின் துளைகள் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ளவை. பெரிய கிண்ணத்தில் அவை அழகிய கோடுகள், அரை மில்லிமீட்டர் சுவரில் ஓட்டைகள். வரிக்குதிரை மரத்தின் வரியும் அப்படித்தான். பெரிய கலத்தில் பத்து வரி ஓடும் இடத்தில் பொம்மைக் குடுவையில் ஒன்றரை வரிதான் விழும். பார்ப்பவருக்குக் கறை பட்டதுபோல் தோன்றும். துளை தெரியாத, வரி அடங்கிய மரமே சிறு உருவில் பெரிய கலமாகத் தோற்றம் தரும். முபிங்கோவும் இளஞ்சிவப்புத் தந்த மரமும் இங்கே முந்துவதற்கு அரிய சரக்கு என்ற பெருமையைவிட இதுவே வலுவான காரணம்.

ஒரு கருமரச் சிமிழ் உருவாகும் விதத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம். 30 மில்லிமீட்டர் சதுரமும் 70 மில்லிமீட்டர் நீளமும் உள்ள கட்டை போதும். அதன் இரு தலைப்பக்கமும் மெழுகில் தோய்ந்திருக்கும். ஈரம் தலைப்பக்கம் வழியாகத்தான் விரைவாக வெளியேறும். மெழுகு அடைக்காவிட்டால் அங்கேயே வெடிக்கும். பக்கங்களிலும் மெழுகு இருந்தால் அதைச் சுரண்டிவிட்டுப் பட்டறை அலமாரியில் மாதக்கணக்கில், பெரிய கட்டையானால் ஆண்டுக்கணக்கில் காயவிடுவார்கள். வாரம் ஒருமுறை தராசில் வைத்து, எடை குறைவது நின்ற பிறகே லேத்தில் ஏற்றுவது வழக்கம்.

முதலில் இரு முனைகளுக்கு இடையில் பிடித்து உருளையாக்குவார்கள். இரு தலையிலும் குட்டையான காம்பு விட்டு, மூடிக்கான பகுதியைத் தனியே அறுத்தெடுத்து, காம்பை லேத்தின் பிடிப்பானான சக்கின் தாடைகளில் இறுக்குவார்கள். வேகம்தான் சிறுவேலையின் முதல் சிக்கல். 30 சென்டிமீட்டர் கிண்ணத்தை நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓட்டினால் விளிம்பு நொடிக்கு 12 மீட்டருக்கு மேல் ஓடும். உளி சீராக வெட்டும். அதே வேகம் 2 சென்டிமீட்டர் கலத்தின் விளிம்பில் கிடைக்க 12,000 சுற்று வேண்டும். மரக்கடைசல் லேத்துகளில் பெரும்பாலானவை அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டமாட்டா. ஆகவே சிறு கலத்தில் மரம் எப்போதும் மெதுவாகவே உளிக்கு வந்துசேர்கிறது. அந்தக் குறையை உளியின் கூர்மையாலும் கையின் பொறுமையாலும்தான் ஈடுகட்ட வேண்டும். கருமரம் உளி முனையைச் சீக்கிரம் தேய்ப்பதால், ஒரே சிமிழுக்குப் பலமுறை சாணைக்கல்லுக்குப் போய்வர நேரும்.

அளவுக்கேற்ற உளிகள் கடையில் குறைவு. பலர் தாமே செய்துகொள்கிறார்கள். அறுகோணச் சாவியின் நுனியைத் தேய்த்து ஒரு சுரண்டுளி, பழைய பல்மருத்துவக் கருவியில் ஒரு கொக்கி, உடைந்த துளையூசியில் ஒரு குடையுளி என்று ஒவ்வொரு பட்டறையிலும் ஒரு தொகுப்பு இருக்கும். வாய் குறுகி வயிறு அகன்ற குடுவைக்கு வளைந்த கொக்கி உளி இல்லாமல் முடியாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை. வெளிர் மரமானால் பின்னால் விளக்கை வைத்து, சுவர் வழியே கசியும் வெளிச்சத்தைக் கொண்டு தடிமனைக் கணக்கிடலாம். கருமரம் ஒளியைத் துளியும் விடாது. அங்கே காதுதான் துணை. சுவர் மெலிய மெலிய உளியின் ஓசை மாறும். அந்த மாற்றத்தை ஒரு நொடி தாமதமாகக் கேட்டவரின் கையில் அடியில்லாத குழாய் மிஞ்சும்.

மூடி பொருத்துவது இந்த வேலையின் உச்சம். உடலின் வாயில் ஒரு படி வெட்டி, மூடியின் உள்விளிம்பைத் தலைமுடி அளவு தலைமுடி அளவாகச் சுரண்டி, அழுத்தினால் மெல்லிய காற்றுச் சத்தத்தோடு உட்காரும்படி செய்வார்கள். முபிங்கோ அசைவு குறைந்த மரமானாலும் கோடையில் பொருந்திய மூடி மழைக்காலத்தில் இறுகும். அந்த இடைவெளியை அனுபவத்தால் விட வேண்டும். திறமை மிக்கவர்கள் படிக்குப் பதில் திருகுமரை வெட்டுகிறார்கள். பல் வரிசையுள்ள உளியைக் கையால் பிடித்து, சுழலும் மரத்தில் சீரான வேகத்தில் நகர்த்தி, அங்குலத்துக்கு 16 அல்லது 20 மரை இழுப்பது பழைய ஆங்கிலப் பட்டறைகளின் வித்தை. சாதாரண மரத்தில் மரையின் முகடு உதிர்ந்துவிடும். கருமரம் பித்தளைபோல் நிற்கும். மூடியையும் உடலையும் பிரித்து அறுக்கும்போது சில மில்லிமீட்டர் மரம் போய்விடுவதால், வரியுள்ள மரத்தில் இரண்டும் சேரும் இடத்தில் வரி தவறும். கருமரத்தில் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு பல பிழைகளை மன்னிக்கும் நிறம், உளி விட்ட கீறலைத் தவிர. பளபளப்பு ஏறியதும் ஒவ்வொரு கீறலும் வெள்ளிக் கோடாய் மின்னும்.

உப்புத்தாள் போடுவதில் நிதானம் வேண்டும். அழுத்தித் தேய்த்தால் சூடேறித் தலைப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விடும். கூர்மையாக வெட்டிய விளிம்புகளும் மழுங்கும். நல்ல கடைசல்காரரின் அடையாளம் உளி விட்ட மேற்பரப்பே பளபளப்பது. உப்புத்தாள் அங்கே பெயரளவுக்குத்தான். வெள்ளை மரம் சேர்ந்த கட்டையில் கறுப்புத் தூள் வெள்ளையின் துளைகளில் ஏறி அழுக்காக்கிவிடும் என்பதால் அங்கே தாளே ஆகாது. கடைசியில் கொஞ்சம் மெழுகு, ஒரு பருத்தித் துணி. எண்ணெய் மரம் என்பதால் வேறு பூச்சு தேவைப்படாது. ஒட்டுவேலை இருந்தால் மட்டும் அந்த எண்ணெயே பகை. அசிட்டோன் தோய்த்துத் துடைத்துவிட்டு உடனே ஒட்டினால்தான் பசை பிடிக்கும்.

இந்த மரங்களின் தூள் சாதாரணமானதன்று. டால்பெர்ஜியா இனத்து வைரத்தில் உள்ள குயினோன் வகை வேதிப்பொருள்கள் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். உணர்திறன் ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் பிறகு கொஞ்சம் தூளே போதும். தெற்கு ஆப்பிரிக்காவின் தம்போத்தி மரத்தின் பால் கண்ணுக்கு ஆபத்தானது. அந்த விறகில் சமைத்த உணவே வயிற்றைக் கெடுக்கும் என்று அங்குள்ளவர்கள் ஒதுக்குகிறார்கள். வெங்கேயின் சிலாம்பு குத்தினால் எளிதில் சீழ் பிடிக்கும். சிறு கலத்தைக் கடைபவர் முகத்தை மரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து வேலை செய்பவர். தூள் நேரே மூக்குக்குத்தான் வரும். முகமூடியும் தூள் உறிஞ்சியும் இல்லாத பட்டறையில் இந்த மரங்களைத் தொடுவது முட்டாள்தனம்.

நிறம் நிலையாக நிற்குமா என்பதும் சேகரிப்பவர்கள் கேட்பது. முபிங்கோ கவலையில்லாதது, காலம் போகப்போக இன்னும் கறுக்கும். படாக்கின் ஆரஞ்சும் இளஞ்சிவப்புத் தந்த மரத்தின் ரோஜாவும் வெயிலுக்கு எதிரே நிற்கமாட்டா. சாளரத்தோரம் வைத்த படாக் சிமிழ் சில ஆண்டுகளில் சாதாரணப் பழுப்புக்கு வந்துவிடும். கண்ணாடிக்குப் பின்னே, வெயில் படாத அலமாரியே அவற்றுக்கு இடம். கறுப்புச் சாயம் ஏற்றிய மலிவு மரத்தை முபிங்கோ என்று விற்பதும் நடக்கிறது. கனம் முதல் சோதனை. அடுத்தது, வெள்ளைத் துணியில் ஆல்கஹால் தோய்த்துக் கலத்தின் அடியில் தேய்ப்பது: முபிங்கோ ஊதாப் பழுப்பாய்க் கசியும், சாயம் மைபோல் கறுப்பாய் இறங்கும். வலுவான வெளிச்சத்தில் பார்த்தால் முபிங்கோவில் ஊதா, பழுப்பு இழைகள் தெரியும்; சீரான மட்டக் கறுப்பு சந்தேகத்துக்குரியது.

சட்டம் இந்தக் கைவினையின் அளவை இன்னொரு முறை தீர்மானித்தது. அழிவு அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடி, டால்பெர்ஜியா பேரினம் முழுவதையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் ஏற்கெனவே இன்னும் கடுமையான முதல் பட்டியலில் இருந்தது. புதிய சேர்க்கை 2017 ஜனவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. மரச்சாமான் வணிகத்துக்காக ஈட்டி இனங்கள் மொட்டையடிக்கப்பட்டதே காரணம் என்றாலும், அடி விழுந்தவர்களில் கிளாரினெட்டோடு எல்லை கடந்த இசைக்கலைஞர்களும் இருந்தார்கள். 2019இல் ஜெனீவா கூட்டம் விதியைத் தளர்த்தியது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு. செய்து முடித்த மற்றப் பொருள்களுக்கு, ஓர் அனுப்புதலில் அந்த மரம் 10 கிலோவுக்குள் இருந்தால் விலக்கு. 25 மில்லிமீட்டர் அகலமும் 40 மில்லிமீட்டர் உயரமும் 2 மில்லிமீட்டர் சுவரும் கொண்ட முபிங்கோச் சிமிழ் ஏறத்தாழ 9 கிராம்தான் நிற்கும். 10 கிலோவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிமிழ்கள் அடங்கும். அதே மரம் கடையாத கட்டையாக எல்லை கடக்க வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வேண்டும். முடிந்த கலத்துக்குக் கதவு திறந்து, கச்சாக் கட்டைக்குக் காவல் வைக்கும் இந்த ஏற்பாடு, கடைசல் வேலை மரம் விளையும் நாட்டிலேயே நடந்தால் நல்லது என்று சொல்லாமல் சொல்கிறது. 2022இல் பனாமாவில் கூடிய அடுத்த மாநாடு படாக் உட்பட ஆப்பிரிக்க டெரோகார்ப்பஸ் மரங்களையும் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது.

எபனியின் கதை இன்னும் கசப்பானது. மடகாஸ்கரில் 2009 ஆட்சிக் கவிழ்ப்பைத் தொடர்ந்து மசோலா, மரோஜேஜி தேசியப் பூங்காக்களுக்குள் புகுந்து ரோஸ்வுட்டும் எபனியும் வெட்டிக் கடத்தினார்கள். 2013இல் அந்நாட்டின் டால்பெர்ஜியா, டயோஸ்பைரஸ் இனங்கள் சைட்டிஸ் பட்டியலில் ஏறின. கேமரூனில் வேறுவிதமான விரயம். கிதார் செய்யும் டெய்லர் நிறுவனம் ஸ்பெயின் நாட்டுக் கூட்டாளியோடு 2011இல் யாவுண்டேயிலுள்ள எபனி ஆலை ஒன்றை வாங்கியபோது, வெட்டிய மரங்களில் முழுக்கறுப்பு உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, பழுப்பு வரி ஓடிய மற்றவற்றைக் காட்டிலேயே அழுகவிடுவது வழக்கம் என்று தெரியவந்தது. பத்தில் ஒன்றுதான் முழுக்கறுப்பு. வெளியே நின்று பார்த்தால் எது என்று தெரியாது, வெட்டினால்தான் தெரியும். வரியோடிய எபனியையும் கிதாரில் பயன்படுத்த அந்த நிறுவனம் தீர்மானித்தது. 2016இல் எபனி நடும் திட்டமும் தொடங்கியது. சிறுகலம் கடைபவர்களுக்கோ வரியோடிய எபனி எப்போதுமே குறையாகத் தோன்றியதில்லை.

முபிங்கோவைக் காக்கும் முயற்சிகளில் ஒன்றுக்குக் கடைசல் பட்டறையே பிறப்பிடம். டெக்சாஸில் அலங்காரக் கடைசல் செய்துவந்த ஜேம்ஸ் ஹாரிஸ், தான் கடையும் மரம் அருகிவருவதைத் தொலைக்காட்சி ஆவணப்படம் ஒன்றில் பார்த்தார். அந்தப் படத்தில் வந்த தான்சானியத் தாவரவியலாளர் செபாஸ்டியன் சூவாவோடு தொடர்பு கொண்டு, 1996இல் இருவரும் ஆப்பிரிக்கக் கருமரப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கிளிமஞ்சாரோ அடிவாரத்துப் பள்ளிகளிலும் ஊர்களிலும் நாற்றங்கால் அமைத்துப் பல லட்சம் கன்றுகள் நட்டார்கள். தான்சானியாவின் தென்கரையிலுள்ள கில்வா மாவட்டத்தில் நடப்பது வேறு வழி. அங்கே நடுவதைவிட, நிற்கும் காட்டை ஊரார் கையில் ஒப்படைப்பதே திட்டம். 2009இல் அந்த ஊர்க்காடுகளுக்குப் பொறுப்பான வன நிர்வாகத்துக்கான எஃப்எஸ்சி சான்று கிடைத்தது. ஆப்பிரிக்காவில் ஊரார் நிர்வகிக்கும் இயற்கைக் காட்டுக்கு அதுவே முதல் சான்று. எத்தனை மரம் இருக்கிறது என்று எண்ணி, எத்தனை வெட்டலாம் என்று வரையறுத்து, விலையை ஊர்க்கணக்கில் வரவு வைக்கிறார்கள். மரத்துக்கு விலை கிடைக்கும் என்று தெரிந்ததும் தீயை அணைப்பதில் ஊருக்கே அக்கறை வந்துவிடுகிறது. முபிங்கோ இன்று அருகிவிட்ட மரம் இல்லை, அருகும் நிலைக்கு அண்மையில் உள்ளது என்பதே பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் கணிப்பு. மரத்தின் எண்ணிக்கையைவிட, குழல் கடையும் அளவுக்குப் பருத்த மரம் குறைந்ததுதான் தொல்லை. நட்ட கன்று பெரிய கட்டை தர ஒரு மனித ஆயுள் போதாது. சிமிழுக்கு வேண்டிய இரண்டு விரற்கடை வைரம் ஏறவே அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.